உஷார்! உங்கள் பாத்ரூம் கதவை ஒருமுறை வெளியே நின்று பாருங்கள்

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் யாரையாவது பாத்ரூமுக்குள் அனுப்பி உள்பக்கம் தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நின்று கதவைப் பாருங்கள். உள்ளே இருப்பவர் விழுந்துவிட்டார், கூப்பிட்டால் பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எப்படித் திறப்பீர்கள்?

“எட்டி உதைப்போம், இல்லனா இடிப்போம்.” கேட்டவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் சொல்கிறார்கள். ஆபத்தே அங்கேதான். நம் ஊர் வாடகை வீட்டு பாத்ரூம் நாலடிக்கு நாலடி, மிஞ்சினால் ஐந்தடி. கதவு உள்பக்கம் திறக்கும். விழுகிறவருக்கு விழ வேறு இடம் கிடையாது, கதவின் மேல்தான் சாய்ந்து கிடப்பார். நீங்கள் உதைக்கிற உதை நேராக அவர் தலையில் போய் விழும். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டாலும் கதவு நாலு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. அந்தச் சந்துக்குள் கையை விட்டு ஒரு ஆளை நகர்த்த யாராலும் முடியாது.

எல்லா வீட்டுக்கும் உள்ள ஆபத்துதான் இது. ஆனால் மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் வீட்டுக்கு இதை இரண்டு மடங்காக எண்ணிக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் இந்தத் தோல் தொழில் பட்டையில் குடியிருந்தால் மூன்று மடங்கு. ஏன் என்று சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்குள் துத்திப்பட்டு, மின்னூர் பக்கத் தெருக்களை ஷூ கம்பெனி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் காலி செய்துவிடும். லைன் வீடுகளில் ஆறு குடித்தனத்துக்கு ஒரு பாத்ரூம், எட்டு குடித்தனத்துக்கு ஒரு பாத்ரூம் என்று இருக்கிறது. கம்பெனிக்குப் போகிறவர்கள் முதலில் குளித்தாக வேண்டும், அடுத்து ஸ்கூல் பிள்ளைகள். போலியோ வந்த அண்ணன், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த மாமனார், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் தங்கை இவர்களெல்லாம் “நீ மெதுவா குளிச்சுக்கோ” என்று கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டவர்கள். பாசத்தில் சொல்வதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். விழுவதற்கு அதிக வாய்ப்புள்ள ஆள், தெருவிலேயே ஆள் இல்லாத நேரத்தில் தாழ் போட்டுக் குளிக்கிறார். கம்பெனி லைனில் வேலைக்கு நிற்கிற மகள் கையில் போன் இருக்காது. மதிய சாப்பாட்டு நேரத்தில் அவள் போட்டுப் பார்க்கும் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

தாழ்ப்பாளின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வாடகை பாத்ரூமில் பிவிசி கதவு, அதில் நாலங்குல இரும்புத் தாழ்ப்பாள். அதைக் கெடுப்பது நம் ஊர்த் தண்ணீர். தோல் தொழில் பாலாற்றங்கரையின் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகவே இருக்கிறது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி மறுபடி உத்தரவு போட வேண்டிவந்தது. குடிக்க முடியாத போர் தண்ணீரைத்தான் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்கிறோம். அந்த உப்புத் தண்ணீர் தினமும் தெறிக்கிற இரும்புத் தாழ் துருவேறி இறுகிப்போகும். கூடவே கதவின் கீல் தளர்ந்து கதவு இறங்கும், தாழின் குச்சி ஓட்டைக்கு நேராக உட்காராது. கதவைத் தூக்கிப் பிடித்து, தாழை ஒரு தட்டு தட்டி, பிறகு இழுக்க வேண்டும். நல்ல கை இருப்பவருக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். ஒரு கையில் கைத்தடி, இன்னொரு கையில் பலமில்லை என்றால், உள்ளே விழாமலேயே மாட்டிக்கொள்ளலாம்.

யார் யார் எப்படி விழுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது. பூட்டு ஆளுக்கு ஏற்றபடி மாறும்.

முதலில் வலிப்பு. வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மருத்துவர்கள் வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்ட மக்களிடையே எடுத்த கணக்கை 2006-ல் வெளியிட்டார்கள். அன்றைக்கு ஆம்பூரும் வாணியம்பாடியும் வேலூர் மாவட்டம்தான். ஆயிரம் பேருக்குக் கிட்டத்தட்ட 4 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம், நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் கட்டியாகத் தங்கியது. அதாவது உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். வெளியே சொல்ல மாட்டார்கள், பெண்ணாக இருந்தால் நிச்சயம் சொல்ல மாட்டார்கள். வாடகைக்கு வரும்போது ஓனரிடமும் மூச்சு விட மாட்டார்கள். இன்னொன்றும் கேளுங்கள். தலையில் சுடுதண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றும்போது வருகிற ஒரு வகை வலிப்பு உண்டு. தென்னிந்தியாவில், அதிலும் கர்நாடகப் பக்கம், நிறையப் பேரிடம் கண்டு பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1980-களிலேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். நினைத்துப் பாருங்கள், அந்த நோய் ஆளைப் பிடிக்கிற இடமே தாழ் போட்ட பாத்ரூம்தான். தண்ணீர் விட்டு விட்டு வருகிற ஊர் என்பதால் நம் பாத்ரூமில் சிமெண்ட் தொட்டியோ பிளாஸ்டிக் டிரம்மோ நிறைந்து நிற்கும். வலிப்பு வந்து முகம் தொட்டிக்குள் சரிந்தால் கதவை உடைக்க எடுக்கும் ஐந்து நிமிடம் ரொம்ப அதிகம்.

அடுத்து முதுகுத்தண்டு அடிபட்டவர்கள். மரத்திலிருந்து விழுந்தவர், சாரத்திலிருந்து விழுந்தவர், பைக்கில் அடிபட்டவர். நம் பக்கத்தில் இவர்களுக்கு பாகாயம் என்றால் ‘ரிஹாப்’தான், அதாவது சிஎம்சியின் மறுவாழ்வு நிலையம். அந்த ரிஹாப்பை உண்டாக்கியவரின் கதை வேலூர்க்காரர்களுக்கே முழுசாகத் தெரியாது. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனார். மகப்பேறு மருத்துவராகப் போக இருந்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி, 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையத்தைத் திறந்தார். நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு மாறுவது, குளிப்பது, துணி மாற்றுவது என்று எல்லாவற்றையும் அங்கே வாரக்கணக்கில் பழக்குகிறார்கள். அந்தப் பழக்கம் எல்லாம் அகலக் கதவும் பிடிமானக் கம்பியும் உள்ள இடத்தில். வீட்டுக்குத் திரும்பினால் வாடகை பாத்ரூமின் கதவு நாற்காலியையே உள்ளே விடாது. வாசலில் நாற்காலியை நிறுத்திவிட்டு, தரையில் இறங்கி நகர்ந்து உள்ளே போய், திரும்பிக் கதவைச் சாத்தி, எட்டாத உயரத்தில் இருக்கும் தாழை எக்கிப் போடுகிறார்கள். அந்த எக்கலில்தான் விழுகிறார்கள்.

முதுகின் மேல்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு, குடும்பத்தார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. மலச்சிக்கலோ, நிறைந்த மூத்திரப்பையோ, கழிப்பறையில் முக்குவதோ போதும், ரத்தக்கொதிப்பு திடீரென்று தாறுமாறாக ஏறும். தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும். இது நடப்பதும் பெரும்பாலும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான். அவசரத்தில் தாழைத் திறந்துகொண்டு வா என்று அவரிடம் சொல்ல முடியாது.

தொழுநோய் வந்து குணமானவர்கள் கதை வேறு. வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி மருத்துவமனை 1955-ல் தொடங்கியது. அதன் பின்னணியில் இருந்த டாக்டர் பால் பிராண்ட் ஒரு பூட்டுச் சம்பவத்தை எழுதியிருக்கிறார். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் முக்கிக்கொண்டிருந்தார். நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்தான், பத்து வயசு இருக்கும், ஒல்லிப் பையன். சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். இவனுக்கு எங்கிருந்து இவ்வளவு பலம் என்று அவர் வியக்கும்போதே தரையில் ரத்தத் துளி. சாவியின் விளிம்பு விரலை எலும்பு தெரிகிற அளவுக்குக் கிழித்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை, வலி இருந்தால்தானே எங்கே நிறுத்துவது என்று தெரியும். இறுகிப்போன தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டுகிற மரத்த கைகள் இந்தப் பட்டையில் இன்றும் இருக்கின்றன. சர்க்கரை நோயில் விரல் மரத்துப்போனவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் இல்லாத வீடு எது?

காது கேளாதவர்களைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. நீங்கள் தட்டுவது அவர்களுக்குக் கேட்காது. தாழ் சரியாக விழாத கதவை, ஆள் இல்லை என்று நினைத்து அடுத்த வீட்டு ஆள் தள்ளிக்கொண்டு நுழைவார். அந்த அவமானத்துக்குப் பயந்தே இரண்டு தாழ் போட்டுக்கொள்கிற பெண்கள் இருக்கிறார்கள். பல வீடுகளில் பாத்ரூம் லைட் சுவிட்ச் வெளியேதான் இருக்கும். அதை இரண்டு தரம் அணைத்துப் போட்டால் தட்டியதாக அர்த்தம் என்று லைன் வீட்டில் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டால் போதும், காலணா செலவு இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு “அப்போ தாழ்ப்பாளையே கழட்டிடுவோம்” என்று கிளம்பாதீர்கள். உஷார் என்று சொல்வது அதற்கும் சேர்த்துத்தான். பல வீடுகளில் அதைத்தான் செய்கிறார்கள். வீட்டில் மாற்றுத்திறனாளி என்று ஒருவர் ஆனதும் அவருடைய மானம் எல்லோருடைய சௌகரியத்துக்கும் கீழே போய்விடுகிறது. “நீ தாழ் போடாத, நாங்க இருக்கோம்ல” என்பார்கள். பதினெட்டு வயசுப் பெண் பொது பாத்ரூமில், தாழ் இல்லாத கதவுக்குப் பின்னால், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குளிக்க வேண்டுமா? இப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு வழுக்கி விழுகிறவர்களும் உண்டு. எந்நேரமும் வெளி ஆட்கள் வந்துபோகும் காம்பவுண்டில் தாழ் இல்லாத கதவு, விழுவதைவிடப் பெரிய ஆபத்து. ஆகவே தாழ் கட்டாயம் வேண்டும். நமக்கு வேண்டிய தாழ் ஒன்றே ஒன்று: உள்ளிருப்பவர் ஒரு விரலால் போடக் கூடியது, வெளியிலிருந்து நம்பிக்கையான ஆள் திறக்கக் கூடியது.

வெளிப்பக்கம் இருக்கும் தாழையும் பாருங்கள். நாய் நுழையாமல், குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழாமல் இருக்க என்று பொது பாத்ரூமுக்கு வெளியே ஒரு ஆல்ட்ராப் போட்டிருப்பார்கள். ஆள் உள்ளே இருப்பது தெரியாமல் அதைத் தள்ளிவிட்டுப் போவது சாதாரணமாக நடக்கிறது. வாய் பேச முடியாதவர், குரல் எழும்பாதவர் உள்ளே இருந்தால் மதியம் வரை உள்ளேதான். அதைவிட மோசம், மனநலம் குன்றியவரை “அடங்க” வைக்க பாத்ரூமிலோ ரூமிலோ வெளியே தாழ் போடுவது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் தீயில் கருகிய கதையை இந்த மாநிலம் மறந்திருக்க நியாயமில்லை. நோயாளியை வெளியிலிருந்து பூட்டுகிற எந்தப் பூட்டும் வீட்டில் இருக்கக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

சரி, என்ன வாங்குவது? ஹார்டுவேர் கடையில் போய் “பாத்ரூம் லாக் குடுங்க, வெளியே காசு விட்டுத் திருப்பினா திறக்கணும்” என்று கேளுங்கள். உள்ளே ஒரு குமிழையோ பட்டனையோ அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் சின்னப் பிளவோ ஊசித் துளையோ இருக்கும். ஒரு ரூபாய்க் காசோ ஸ்க்ரூ டிரைவரோ விட்டுத் திருப்பினால் திறந்துகொள்ளும். விமானத்துக் கழிப்பறைகளில்கூட இதே ஏற்பாடுதான், உள்ளே பூட்டியிருந்தாலும் பணிப்பெண்ணால் வெளியிலிருந்து திறக்க முடியும். உருண்டைக் கைப்பிடி வேண்டாம், ஈரக் கைக்கும் பலமில்லாத விரலுக்கும் அது சுழலாது. முழங்கையால் அழுத்தினாலே இறங்குகிற நீட்டுக் கைப்பிடியாகக் கேளுங்கள். கையில் எடுத்துப் பார்க்கும்போது விரலை மடக்கி, முஷ்டியால் மட்டும் இயக்கிப் பாருங்கள். அப்படியும் வேலை செய்தால் பில் போடச் சொல்லுங்கள்.

பிவிசி கதவு உள்ளே வெற்றுக் கூடு. நேரடியாக ஸ்க்ரூ போட்டால் ஒரு மாதத்தில் கழன்று தொங்கும். பூட்டு வரும் இடத்தில் உள்ளே ஒரு மரச்சட்டம் செருகியோ, இரண்டு பக்கமும் தகடு வைத்து போல்ட்டு முடுக்கியோ கொடுக்கச் சொல்ல வேண்டும். நல்ல கார்பென்டர் சொல்லாமலே செய்வார். இன்னொரு கதை எல்லா வீட்டிலும் நடக்கும்: புது லாக் போட்டுவிட்டு மேலே பழைய தாழ்ப்பாளை அப்படியே விட்டுவிடுவார்கள். பழக்க தோஷத்தில் கை அதற்குத்தான் போகும். இரண்டும் பூட்டிய பிறகு வெளியே காசை விட்டு எத்தனை தரம் திருப்பினால் என்ன? பழையதைக் கழற்றி, ஓட்டையில் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டுத்தான் கார்பென்டருக்குக் காசு கொடுங்கள். பூட்டின் உயரம் யார் உபயோகிக்கிறாரோ அவர் உட்கார்ந்த உயரம். தரையில் நகர்ந்து போகிறவர் என்றால் தரையிலிருந்து இரண்டடிக்குள்.

அவ்வளவு செலவு முடியாது என்றால் ஒரு கொக்கியும் வளையமும் போதும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு ஸ்டீல் ஸ்கேல் நுழைகிற சந்து இருக்கும்படி மாட்டினால், வெளியிலிருந்து ஸ்கேலை விட்டுக் கொக்கியை மேலே தள்ளிவிடலாம். உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிற பாத்ரூமுக்கு இது சரி. பொது பாத்ரூமுக்கு வேண்டாம், சந்துள்ள கதவு அங்கே சரிப்படாது.

பூட்டை மாற்றினாலும் கதவு உள்பக்கம் திறந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி வைப்பது ஒரு நாள் வேலை. வெளியே நடை குறுகல் என்றால் பக்கவாட்டில் ஓடுகிற கதவோ மடங்குகிற பிவிசி கதவோ போடலாம். 2021-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகளும் இதைத்தான் கேட்கின்றன: மாற்றுத்திறனாளிகளின் கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது பக்கவாட்டில் ஓட வேண்டும், 900 மில்லிமீட்டர் வழி இருக்க வேண்டும், அவசரத்தில் வெளியிலிருந்து திறக்க வழி வேண்டும், விழுந்து கிடப்பவருக்கும் எட்டும்படி தரையிலிருந்து 300 மில்லிமீட்டர் உயரத்தில் அபாய மணிக்கு ஒரு பொத்தான் வேண்டும். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கு என்று மத்திய அரசுக்குச் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் பேரணாம்பட்டு லைன் வீட்டின் நாலடி பாத்ரூமுக்கு அது வந்து சேர எத்தனை வருஷம் ஆகுமோ, அதுவரை நாம் காத்திருக்க முடியாது. அந்த அபாய மணியை மட்டும் இன்றே வைத்துவிடலாம். ஒயர் இல்லாத காலிங் பெல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பட்டனை பாத்ரூம் சுவரில் ஒரு அடி உயரத்தில், தண்ணீர் படாதபடி பாலிதீன் சுற்றி ஒட்டுங்கள். மணியைப் பக்கத்து வீட்டில் மாட்டுங்கள், யாரும் இல்லாத உங்கள் ஹாலில் அது அடித்து என்ன பிரயோஜனம்?

வாடகை வீட்டில் கதவில் கை வைக்கலாமா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கதவின் பூட்டு, கைப்பிடி மாற்றுவது வாடகைதாரர் பொறுப்பு என்றே இருக்கிறது. அதாவது லாக் மாற்றுவது உங்கள் செலவு, உங்கள் வேலை. கட்டுமானத்தை மாற்றுவதற்குத்தான் வீட்டுக்காரரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கீலைத் திருப்புவது, நிலையைச் செதுக்குவது என்று வரும்போது வாயால் கேட்டதோடு விடாமல் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இதே சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. அதைச் சொன்னால் நம் ஊரில் சிரிப்பார்கள், அது தனிக் கதை.

கேட்கிற விதமும் இருக்கிறது. சண்டையாகத் தொடங்கினால் கதவு மாறாது, வீடுதான் மாறும்.

“பாய், பாத்ரூம் கதவுக்கு வேற லாக் போட்டுக்கட்டுமா? எங்க மாமாவுக்கு ஒரு பக்கம் வராதுல்ல, உள்ள விழுந்தா நாங்க எப்படித் திறக்கறது?”

“போட்டுக்கம்மா. கதவுல ஓட்ட போட்டா நாளைக்குக் காலி பண்றப்போ?”

“பழசைப் பத்திரமா எடுத்து வெச்சுத் தரேன் பாய். நாளைக்கு மாமா விழுந்து கதவ ஒடைச்சா உங்களுக்குத்தான நஷ்டம்.”

கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? உடைந்த கதவுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கணக்கு ஓனருக்கு உடனே புரியும். அது தவிர, தன் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்த வீடு மறுபடி வாடகைக்குப் போக எத்தனை நாள் ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். நீங்கள் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பொறியை எல்லோரும் மறக்கிறார்கள்: வாசல் கதவு. பாத்ரூம் தாழை எவ்வளவு நல்லதாக மாற்றினாலும், தனியாக இருப்பவர் தெருக் கதவை உள்ளே தாழ் போட்டு, கிரில் கேட்டுக்குப் பூட்டும் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால் உதவிக்கு வருகிறவர் தெருவில் நிற்பார். குளிக்கும் நேரத்தில் வாசலுக்குப் பூட்டு மட்டும் போடுங்கள், உள்தாழ் வேண்டாம். இன்னொரு சாவி எதிர் வீட்டு அக்காவிடம் இருக்கட்டும். போகும் முன் “குளிக்கப் போறேன்க்கா” என்று ஒரு குரல். அரை மணியில் மறு குரல் வராவிட்டால் அக்கா வந்து பார்ப்பார்.

வேலூர் டவுனில் சிகிச்சைக்காகத் தங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாபு ராவ் தெரு, தோட்டப்பாளையம், காந்தி ரோடு பக்கம் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். பக்கவாதம், முதுகெலும்பு, நரம்பு வியாதிக்காரர்கள்தான் அதில் பாதிப்பேர் என்று தோன்றும், அந்தத் தெருக்களில் சாயங்காலம் நடந்தால். ரூம் வாடகை பேசும்போது ஏசி இருக்கா, சமைக்கலாமா என்று கேட்கிறோம், பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்பதில்லை. கேளுங்கள். தாழ்ப்பாளைப் போட்டு எடுத்துப் பாருங்கள். லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு: வங்காளத்தில் ‘பாச்சாவ்’ என்று கத்தினால் காப்பாற்று என்று அர்த்தம் என்பதை ரூம் பாய்க்குச் சொல்லிவையுங்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு ரூமின் பாத்ரூமுக்காவது வெளியே திறக்கும் பூட்டு போட்டு, அந்த ரூமை நடக்க முடியாதவருக்கு முதலில் கொடுங்கள். பெரிய செலவு இல்லை, சைன் போர்டுக்கு ஆகிற காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இவ்வளவும் செய்வதற்கு முன்பே நாளைக்குக் காலை யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால்? முதலில் உதைக்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், முனகல் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். ஹீட்டர் ராடு போட்டிருக்கலாம், தரையெல்லாம் தண்ணீராக இருக்கும். மெயினை அணைத்துவிட்டுத்தான் மற்றது. வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினால் உள்ளே ஆள் எப்படிக் கிடக்கிறார் என்று தெரியும், சில வீட்டில் அதன் வழியே ஒரு குச்சியால் தாழைத் தள்ளவும் முடியும். கதவு வெளிப்பக்கம் திறப்பது என்றால் கீலின் ஆணி வெளியேதான் இருக்கும், அடித்து உருவிவிடலாம். உள்பக்கம் திறக்கும் பிவிசி கதவென்றால், ஆள் எந்தப் பக்கம் கிடக்கிறார் என்று பார்த்து, அவர் இல்லாத பக்கம் மேல்பாகத்தைக் கத்தியாலோ ஆக்ஸா பிளேடாலோ அறுத்துக் கையை விட்டுத் தாழை எடுங்கள். ஒரு ஆள் இதைச் செய்யும்போதே இன்னொரு ஆள் தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 அடிக்கட்டும். கதவைத் திறப்பது தீயணைப்புக்காரர்களுக்குப் பழகிய வேலை, தீ இல்லையே என்று தயங்காதீர்கள்.

திறந்த பிறகும் அவசரப்படக் கூடாது. வலிப்பு என்றால் கையில் சாவிக்கொத்து திணிக்காதீர்கள், வாயில் ஸ்பூன் வைக்காதீர்கள். முகம் தண்ணீரில் இல்லாதபடி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் வெட்டி இழுத்தால் ஆஸ்பத்திரி. முதுகெலும்பு அடிபட்டவர் விழுந்து கிடந்தால் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, ஆள் சேர்ந்து உடம்பு வளையாமல் நகர்த்த வேண்டும். விழாமல், தலைவலியும் வியர்வையுமாக உட்கார்ந்திருந்தால் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வைத்து, மூத்திரக் குழாய் எங்காவது மடங்கி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். 108-ல் பேசும்போது “பாத்ரூம்ல விழுந்துட்டாரு” என்பதோடு நிறுத்தாமல், இவருக்கு ஏற்கெனவே என்ன உபாதை என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். ஒரு பையனை மெயின் ரோட்டுக்கு அனுப்பி நிற்க வையுங்கள். நம் லைன் வீட்டுச் சந்துக்குள் வண்டி வராது, ஸ்ட்ரெச்சர்தான் வரும், அதற்கு வழிகாட்ட ஆள் வேண்டும். சந்தில் நிற்கிற பைக்குகளையும் அதற்குள் நகர்த்தி வைத்துவிடுங்கள்.